முதுகில் எழுதிய வருஷம்

கேள்வி: ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ சிப்பாய் ஒன்று விலைக்கு வருகிறது. முதுகில் 1985 என்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: ஃபன்ஸ்கூல் கம்பெனி பிறந்ததே 1987-ல்தான், எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கியது. முதுகில் இருப்பது அச்சின் வயது, பொம்மையின் வயதல்ல. ஹாஸ்ப்ரோவின் பழைய அச்சுகளில் வார்த்து, நம்மவர்கள் கைக்கு வந்த கலரை அடித்தார்கள். காட்டில் பதுங்க வேண்டிய சிப்பாய் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் நிற்பார். அந்தக் கோலத்துக்காகவே வெளிநாட்டில் தேடுகிறார்கள்!

ஆகவே கலரைப் பார்த்து மிரளாதீர்கள், மூட்டைப் பாருங்கள். முழங்கையை மடக்கினால் பெயின்ட் உரிந்து அடியில் வேறு நிற பிளாஸ்டிக் தெரிகிறதா? ரிவெட் மேலும் பிரஷ் ஓடியிருக்கிறதா? யாரோ வீட்டில் அடித்த வேலையாக இருக்கலாம். ஃபேக்டரியின் கோணல் பெயின்டுக்கு மதிப்புண்டு. வீட்டு நேர்த்திக்குக் கிடையாது. அநியாயம்தான்.

இடுப்பு ரப்பர் வளையம் புதிதென்றால் மன்னித்துவிடலாம், அது இற்றுப்போகிற சாமான். கட்டைவிரல் போயிருந்தால் பேரம் பேசுங்கள். துப்பாக்கி பிடிக்க முடியாதவருக்கு முழுச் சம்பளம் எதற்கு? டாங்கி செய்கிற ஊர்க்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!