ஷோ காட்டும் பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, பாண்டிச்சேரி பீச் ரோட்ல செல்போனைக் குச்சியில மாட்டிக்கினு குதிக்கிறியாமே? நல்லா குதி, நான் வேணாங்கலை. ஆனா இங்கிலீஷ்காரன் வார்த்தையை எடுத்தா, கைப்பிடி எந்தப் பக்கம்னு பாத்து எடு.

ஷோன்னா உனக்கு ஆட்டம். பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்குற பழைய சொல்தா யாருகிட்டயாவது போயி ‘ஷோ’ன்னு சொல்லிப் பாரு, காபி டம்ளரைத் தொட்டுப் பாப்பாரு. அவங்க பாஷையில ஷோன்னா சூடு. ஜூலை 14 வந்தா மெடல் மாட்டிக்கினு பீச் ரோட்டு போர் நினைவுச் சின்னத்துக்கிட்ட வெறப்பா நிப்பாங்களே, அவங்கதான். நீ குதிக்கிற அதே ரோடு.

நமக்கென்ன கொறச்சல்? படம் காட்டுறான், ஃபிலிம் காட்டுறான், சீன் போடுறான், பில்டப் குடுக்குறான். எத்தினி பேரு வச்சாலும் உள்ளே சரக்கில்லைன்னுதான் அர்த்தம். நெசமா சீன் கட்டி நாடகம் போட்டவரு கருவடிக்குப்பத்துல அடக்கமாயிருக்காருடா. சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரரு, 1922-ல நம்ம ஊர்ல கண்ணை மூடுனாரு. சனீஸ்வரன் வேஷத்தோட விடியக்காலையில அரிதாரம் கழுவப் போனாராம். எதிர்ல பாத்த புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு பயத்துல கரு கலைஞ்சுபோச்சுன்னு சொல்லுவாங்க. அன்னியிலேருந்து வேஷம் கட்டுறதையே விட்டுட்டு எழுத உக்காந்துட்டாராம். அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில எழுதுனாருன்னும் பேச்சு. நீயும்தான் ராத்திரி பூரா முழிச்சிருக்கே, பாட்டரிதான் தீருது.

ஆக்டிங்னு எழுதியிருந்தா சினிமா சான்ஸுன்னு ஓடிடாதே. ஆக்டிங் டிரைவர் நடிக்க வர்றவன் இல்லை. சொந்த டிரைவர் லீவு போட்ட அன்னிக்கு வந்து ஒழுங்கா ஓட்டிட்டு, பேட்டாவை எண்ணி வாங்கிக்கினு போறவன். அவன் நடிச்சான்னா கார் கடல்லதான் நிக்கும். சட்டத்துக்கும் ஆக்ட்னுதான் பேரு. அங்கே நடிச்சவன் காலாப்பட்டு ஜெயில்ல குந்தியிருப்பான்.

ஷோரூம்காரன் இருக்கானே, வண்டியைக் காட்டுவான், கலரைக் காட்டுவான், குடிக்க ஜூஸ் காட்டுவான். இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் சேத்த வெலையை மட்டும் நீ கையெழுத்துப் போடக் குனியிறப்போதான் காட்டுவான்.

எல்லாத்தையும் விட மோசம் ஷோ காஸ் நோட்டீஸ். வேலைக்குப் போற எடத்துல ராத்திரி ரீல்ஸ் போட்டுட்டு பதினோரு மணிக்குப் போனியானா, மேலதிகாரி ஒரு காகிதம் நீட்டுவாரு. உன் மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு காரணம் காட்டணுமாம். ஷோன்னு கெடக்குதேன்னு கண்ணாடி மாட்டி போட்டோ எடுத்துப் போட்டுடாதே. குனிஞ்சு உக்காந்து, சொன்ன தேதிக்குள்ளே எழுத்துல பதிலைக் குடு. பாட்டி மேல பழியைப் போடாதே, அவ ஏற்கெனவே உன் லீவு லெட்டர்ல மூணு தடவை செத்துட்டா.

ஞாயித்துக்கெழமை திண்டிவனம் கல்யாணத்துக்கு ஆக்டிங் டிரைவர் சொல்லியாச்சு. சாவி மேல கையை வைக்காதே.