புகையிலை எலி

கேள்வி: எலியில் என்ன சார் இனம் பிரிப்பது? எல்லாம் ஒரே எலிதானே?

பதில்: அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது! ஸ்விட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் ஒரு கருத்த சுண்டெலி. புகையிலை ஆலையில் குடித்தனம். 1869-இல் விலங்கியலாளர் விக்டர் ஃபாசியோ அதைத் தனி இனம் என்று பெயர் சூட்டிவிட்டார். நூறாண்டு கழித்து குரோமோசோமை எண்ணினார்கள். சாதாரண வீட்டுச் சுண்டெலிக்கு 40, இதற்கு 26! அவசரப்பட்டு ஃபாசியோவுக்கு மாலை போடாதீர்கள். எதுவும் தொலையவில்லை, பல குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. சில்லறையை நோட்டாக மாற்றினால் எண்ணிக்கைதானே குறையும், தொகையா குறையும்? 40-ம் 26-ம் ஜோடி சேர்ந்தால் குட்டி பிறக்கும். அந்தக் குட்டிக்கு வாரிசு பிறப்பதில்தான் இழுபறி. இன்றைக்கு அதன் முகவரி வீட்டுச் சுண்டெலி வகையறாவில்தான்.