பம்பு ஒண்ணும் பண்ணலைங்க

கோவை கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. வாசலில் போர்வெல்லிலிருந்து ஏற்றிய சப்மெர்சிபிள் மோட்டார்கள் செம்மண்ணோடு கிடக்கின்றன. அவற்றைத் தாண்டி, கையில் அலுமினியப் பெட்டியோடு உள்ளே வருகிறார் பைலட். பறப்பது அவரல்ல, அவருடைய மாடல் விமானம். இருந்தாலும் பைலட் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

பைலட்: அண்ணா, இது ஃப்யூயல் பம்ப். விமானத்துக்கு எரிபொருள் ஏத்துறது. பன்னெண்டு வோல்ட்.

மோட்டார்க்காரர்: (உள்ளங்கையில் வைத்துப் பார்த்து) ஏனுங் தம்பி, இது எத்தன ஹெச்.பி.ங்க?

பைலட்: கிண்டல் பண்ணாதீங்கண்ணா. பட்டனை அமுக்குனா 'உம்'முங்குது, சுத்த மாட்டேங்குது. வெளிநாட்டுலேர்ந்து வேற ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன். அது வர்ற வரைக்கும் ஓடணும்.

மோட்டார்க்காரர்: மூணே ஸ்குரூ இருக்குது. கழட்டிப் பாக்காமயா ஆர்டர் போட்டீங்க?

பைலட்: கழட்டுனா வாரண்டி போயிருமே.

மோட்டார்க்காரர்: எத்தன நாள் வாரண்டிங்க?

பைலட்: ஆறு மாசம். வாங்கி நாலு வருசமாச்சு.

(மோட்டார்க்காரர் ஒன்றும் சொல்லாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்கிறார். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சின்னப் பல்சக்கரங்கள், பழுப்பு நிறப் பிசினில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.)

மோட்டார்க்காரர்: இது என்னுங்க, விளக்கெண்ணெய் வாசம் வருது?

பைலட்: அதேதான். மெத்தனால், நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய். நூத்துக்குப் பதினெட்டு, இருபது பங்கு எண்ணெய். இஞ்சினுக்குத் தனியா ஆயில் கிடையாது, எரிபொருள்லயே உண்டு.

மோட்டார்க்காரர்: மெத்தனால் ஆவியாப் போயிரும், எண்ணெய் மட்டும் உள்ள தங்கிப் பிசினாயிரும். வேலை முடிஞ்சதும் பம்பைத் திருப்பி ஓட்டி, உள்ள இருக்கறதைக் காலி பண்ணுவீங்களா?

பைலட்: பறந்து முடிஞ்சா வீடியோ ஏத்துற வேலை இருக்கும்ணா.

(சக்கரங்களை மெத்தனாலில் ஊறப்போட்டு, டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுகிறார். பம்ப் சுற்றுகிறது. பைலட்டுக்கு மகிழ்ச்சியைவிட ஆர்டர் போட்ட பணத்தின் நினைப்பே முகத்தில் தெரிகிறது.)

மோட்டார்க்காரர்: பம்பு சரிங்க. டியூப் ஏன் இப்படி உப்பிக் கெடக்குது?

பைலட்: சிலிக்கான் டியூப்ணா. பெரிய விமானம் ஒண்ணு இருக்கு, அது பெட்ரோல். அதுக்கும் இதே பம்புதான். ரெண்டுக்கும் தாங்கும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு.

மோட்டார்க்காரர்: பம்பு தாங்கும்னு போட்டிருக்குது. டியூப் தாங்கும்னு யாருங்க சொன்னா? மெத்தனாலுக்குச் சிலிக்கான் நல்லா இருக்கும். பெட்ரோல்ல போட்டா ஊதிப்போயி நழுவிரும். பெட்ரோலுக்கு டைகான் டியூப்னு மஞ்சளா ஒண்ணு இருக்குது. அதுவும் நாளானா வெறைச்சுக்கும், பாத்து மாத்தோணும். இப்பத்திப் பெட்ரோல்ல எத்தனால் வேற இருபது பங்கு. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா கேன்ல வெச்சிருந்து ஊத்தாதீங்க.

பைலட்: பம்ப் நின்னப்ப நான் சும்மா இருக்கலைண்ணா. டியூப்பை வாயில வச்சு உறிஞ்சியே ஏத்திட்டேன்.

மோட்டார்க்காரர்: மெத்தனாலையா? ஏனுங், 2024-ல கள்ளக்குறிச்சியில கள்ளச்சாராயத்துல கலந்து அறுபது பேருக்கு மேல கொண்டுபோனது அதுதானுங்க. தப்பிச்சாலும் கண்ணு போயிருமுங்க.

பைலட்: கண்ணுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அமெரிக்காவுல மேனார்ட் ஹில்னு ஒருத்தர். மெத்தனாலால இல்லண்ணா, வயசுல கண்ணு மங்கிருச்சு. காதும் கேக்காது. 2003 ஆகஸ்ட்ல அவரு குழுவோட செஞ்ச மாடல் விமானம் கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துல கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துல எறங்குச்சு. 3,000 கிலோமீட்டருக்கு மேல. எரிபொருளோட சேத்து அஞ்சு கிலோவுக்குள்ள எடை. அந்தப் பரம்பரைண்ணா நாங்க.

மோட்டார்க்காரர்: எத்தன மணி நேரம் பறந்துச்சுங்க?

பைலட்: 38 மணி 52 நிமிஷம். ஒரு கேலனுக்கும் குறைவான எரிபொருள். அதுவும் விளக்குக்கு ஊத்துற சுத்தமான கோல்மன் எரிபொருள்.

மோட்டார்க்காரர்: அப்ப முப்பத்தொம்பது மணி நேரம் டியூப்ல ஒரு ஓட்டையில்ல, ஃபில்டர்ல ஒரு தூசியில்ல. உங்குளுது எத்தன நிமிசம் ஓடுதுங்க?

பைலட்: அதுதான் பிரச்சினை. கிளம்பும்போது நல்லாத்தான் இருக்கு. மூக்கைத் தூக்கி மேலே ஏத்துனா இஞ்சின் நின்னுரும். பிளக் மாத்துனேன். கார்புரேட்டர் மாத்துனேன். கடைசில இஞ்சினையே மாத்திட்டேன்.

மோட்டார்க்காரர்: டேங்கைக் கழட்டிப் பாத்தீங்களா?

பைலட்: டேங்க் வெறும் பிளாஸ்டிக் டப்பாண்ணா. அதுல என்ன கெடப் போவுது?

(பெட்டியில் இருந்த டேங்கை மோட்டார்க்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே டியூப் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. எரிபொருள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் உருள வேண்டும். இங்கே டியூப் மடங்கி, குண்டு முன்பக்கம் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

மோட்டார்க்காரர்: சமீபத்துல எங்கியாச்சும் குத்துனீங்களா?

பைலட்: ஹார்ட் லேண்டிங் ஒண்ணு ஆச்சு.

மோட்டார்க்காரர்: மூக்கு மண்ணுல குத்துனா அதுக்குப் பேரு லேண்டிங்குங்களா? குத்துன வேகத்துல குண்டு முன்னாடி பாஞ்சு மாட்டிக்கிச்சு. மூக்கைத் தூக்குனா எரிபொருள் பின்னாடி போயிருது, குண்டு முன்னாடி காத்தைக் குடிக்குது. இஞ்சின் நிக்காம என்ன பண்ணும்? தேவர் உலகத்து இஞ்சினைக் கொண்டாந்து மாட்டுனாலும் நிக்கும்.

(டியூப்பை உருவி, ஒரு முனையை விரலால் அடைத்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கி, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றை விடுகிறார். பித்தளைக் குழாய் விளிம்பு உரசிய இடத்தில் மெல்லிய குமிழி வரிசை.)

பைலட்: இது பஞ்சர் கடை வேலையாச்சே!

மோட்டார்க்காரர்: ஆமாங்க. இதைத் தெரிஞ்சிருந்தா ஒரு இஞ்சின் மிச்சம்.

பைலட்: இஞ்சின் சூடு, உயரம், வேகம் எல்லாம் ரிமோட்லயே காட்டுதுண்ணா. இதை மட்டும் காட்டல.

மோட்டார்க்காரர்: டியூப் நாப்பது ரூவாயிங்க. அதுக்கு எவன் சென்சார் வைப்பான்?

பைலட்: சரி, இனி என்னதான் செய்யணும்?

மோட்டார்க்காரர்: பெட்ரோலுக்கு ஒரு டியூப், மெத்தனாலுக்கு ஒண்ணு, தனித்தனியா. ஏத்துற டியூப்ல ஃபில்டர் ஒண்ணு போடுங்க, குப்பை டேங்குக்கே போகாது. பேட்டரி கிளிப்பை மாட்டும்போது பொறி வரும், கேனை விட்டுத் தள்ளி மாட்டுங்க. மெத்தனால் பத்துனா பகல்ல நெருப்பே கண்ணுக்குத் தெரியாது, கை சுட்டதுக்கப்புறம்தான் தெரியும். பறந்து முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணுங்க, பம்பையும் காலி பண்ணுங்க. அதுக்கெல்லாம் நேரமில்லீன்னா பட்டம் விடுங்க தம்பி. பட்டத்துக்கு டேங்க் கிடையாது.