சான்றொப்பமிட்ட இராமாயணம்

பெறுநர்: கல்விப் பேரவையினர், தில்லிப் பல்கலைக்கழகம்.

பொருள்: பாடத்திட்டத்திலிருந்து ஒரு கட்டுரையை மட்டும் நீக்கியது போதாமை பற்றியும், எஞ்சிய பணியை விரைந்து முடிக்கக் கோரியும்.

பார்வை: 09.10.2011 அன்று பேரவை எடுத்த முடிவு.

பெருமதிப்பிற்குரியீர்,

இளங்கலை வரலாற்றுச் சிறப்புப் பாடத்தில் இடம்பெற்றிருந்த ஏ.கே. இராமானுசனின் 'முந்நூறு இராமாயணங்கள்' என்னும் கட்டுரையை நீக்கிய பேரவையின் துணிவு, காலம் கடந்தேனும், முறைப்படி பாராட்டப்பட வேண்டியதாகும். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில வாசகரிடம் கொண்டு சேர்த்தவரும் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியருமான அதன் ஆசிரியர் 1993-இலேயே காலமாகிவிட்டதால், அவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பும் சிரமமும் பேரவைக்கு நேரவில்லை.

1987-இல் எழுதப்பட்டு 1991-இல் நூலொன்றில் அச்சேறிய அக்கட்டுரையின் குற்றம் சிறியதன்று. மூலம் ஒன்று, ஏனையவை அதனின்று வழுவிய நகல்கள் என்று கொள்ளாமல், வான்மீகி, கம்பர், சமணர், கன்னட நாட்டுப்புறப் பாடகர், தாய்லாந்துப் புலவர் ஆகிய ஒவ்வொருவரின் கதையையும் தனித்ததொரு 'சொல்முறை', அதாவது ஒரு சமூகம் தனக்குரிய வகையில் கதையை எடுத்துரைக்கும் விதம், என்று அது கருதியது. அவற்றுள் கன்னடக் கதையில் கருவுறுபவன் இராவணனே. அவன் தும்ம, சீதை பிறக்கிறாள். தும்மல் எழுந்தது நாட்டுப்புறத்தில் என்றாலும் நடுக்கம் கண்டது தலைநகரில்தான். 2008-இல் இக்கட்டுரையை எதிர்த்து மாணவர் அமைப்பொன்றைச் சேர்ந்தோர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருள்களை உடைத்ததை, மேற்கோளும் அடிக்குறிப்பும் வேண்டாத புதியதொரு திறனாய்வு முறை எனப் பேரவை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ள வேண்டியுள்ளது.

கணிதத் துறையும் பேரவைக்குக் கடமைப்பட்டுள்ளது. கட்டுரையை ஆராய அமைந்த வல்லுநர் நால்வருள் மூவர் அது பாடத்தில் இருக்கலாம் என்றனர். நான்காமவர் மட்டும், இளங்கலை மாணவர்க்கு இது ஏற்றதன்று, ஆசிரியர்க்கும் விளக்குவது கடினம் என்னும் கருத்தினரானார். பேரவை நான்காமவரைப் பின்பற்றியதன் மூலம் மூன்றைவிட ஒன்று பெரிது என்பதை நிறுவியது. பேரவையில் இதற்கு மறுப்புத் தெரிவித்தவர் ஒன்பதின்மரே. கற்பிக்கக் கடினமானவை நீக்கத்தக்கவை என்னும் இந்நெறி இயற்பியலுக்கும் விரிவாக்கப்படுமாயின், மாணவர் சமுதாயம் பேரவையை என்றும் நன்றியுடன் நினைவுகூரும்.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. சொல்முறைகள் பல என்று கூறிய கட்டுரை நீங்கியதே தவிர, பலவாக இருக்கும் குற்றத்தைச் சொல்முறைகள் இன்னும் கைவிடவில்லை. கம்பரின் அகலிகை கல்லாகிக் கிடக்க, வான்மீகியின் அகலிகையோ கல்லாகாமல், காற்றையே உணவாகக் கொண்டு, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலில் கிடக்கிறாள். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்ல, கம்பரின் இராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். இவ்விரு புலவருள் யார் திருத்தப்பட வேண்டியவர் என்பதைப் பேரவை ஒரு துணைக்குழு அமைத்து முடிவு செய்தல் வேண்டும். அதுவரை அகலிகை கல்லாகவும் கல்லல்லாதவளாகவும் ஒரே நேரத்தில் கிடப்பது நிர்வாகச் சிக்கலாகும்.

இவ்வகையில் மூத்த குற்றவாளி சீதையே ஆவாள். அத்தியாத்ம இராமாயணத்தில், தன்னைக் காட்டுக்கு அழைத்துச் செல்ல மறுக்கும் இராமனிடம், பல இராமாயணங்களைக் கேட்டிருப்பதாகவும், சீதையின்றி இராமன் வனம் புகுந்த கதை எங்கேனும் உண்டா என்றும் அவள் வாதிடுகிறாள். இராமானுசனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கருத்தை அரண்மனைக்குள் பரப்பிய அவள் எந்தக் கல்லூரியிலும் சேர்க்கை பெறாதவள் ஆதலால், அவள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க விதிகளில் இடமுண்டா என்பது ஆராயத்தக்கது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நீக்கப்பட்ட கட்டுரை, இராமனின் விரலிலிருந்து நழுவிய மோதிரத்தைத் தேடி அனுமன் பாதாளம் செல்லும் கதையோடு தொடங்குகிறது. அங்கே ஒரு தட்டு நிறைய, ஒன்றுபோல ஆயிரக்கணக்கான மோதிரங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இராமனின் அவதாரம் முடியும்போதும் ஒரு மோதிரம் வந்து விழுகிறது. அவற்றுள் தன் இராமனுடையது எது என்று அனுமனுக்குத் தெரியவில்லை. தட்டைக் கைப்பற்றி, உரிய மோதிரம் ஒன்றுக்கு மட்டும் சான்றொப்பமிட்டு, ஏனையவற்றைத் தள்ளுபடி செய்யுமாறு பேரவை வேண்டப்படுகிறது. அனுமனால் இயலாதது பெரும்பான்மையால் இயலும். அப்போதும் அவனைப் போலவே விழித்து நிற்கும் ஒன்பதின்மர் இருப்பாராயின், அச்செய்தி வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறாதவாறு பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இங்ஙனம்,
பாடத்திட்டத்தில் எஞ்சியிருக்கும் பக்கங்களின் வாசகர்.