காலி டப்பாவியல்: ஓர் அறிமுகம்

ஆய்வுச் சிக்கல்

நம் வீட்டு அடுக்களைகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஹார்லிக்ஸ் இருப்பதில்லை. வாங்கிய முதல் மாதத்தில் இருக்கும். அதைப் பாட்டிலின் பிள்ளைப்பருவம் என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிடலாம். அதற்குப் பின் வரும் நெடுவாழ்வு முழுவதும் அந்தப் பாட்டில் துவரம்பருப்பையோ வரமிளகாயையோ வெந்தயத்தையோ தாங்கி நிற்கிறது. நெற்றியில் மட்டும் பழைய பெயர். அமெரிக்காவில் குடியேறிய ஹார்லிக் சகோதரர்கள் 1883இல் தங்கள் மாவுக்குக் காப்புரிமை பெற்றபோது, திருச்சியில் ஒரு வெந்தயத்துக்குத் தங்கள் பெயர் நிலைக்கப் போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது பிழையா, மரபா? மரபு எனில் அதன் இலக்கணம் யாது? பசுமை வாழ்வு பற்றி எல்லாரும் பேசும் இக்காலத்தில் இதற்கு ஏதேனும் மதிப்பு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கமாக அமைகிறது.

ஆய்வு எல்லை

டப்பாவாகவே காசு கொடுத்து வாங்கியவை விலக்கப்படுகின்றன. வேறொன்றை வாங்கியபோது கூடவே வந்து, அந்த வேறொன்று தீர்ந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டவை மட்டுமே கொள்ளப்படுகின்றன. உறவினர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார்.

தொல்லியல் பின்புலம்

பாண்டத்தின் மேல் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்ததில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 56 கிடைத்ததாக 2019இல் வெளியான அறிக்கை கூறுகிறது. ஆதன், குவிரன் என்பன அவற்றில் காணப்படும் பெயர்கள். இவை ஆட்பெயர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பானை யாருடையது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். உள்ளே இருப்பது என்ன என்பது வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் போதும் என்று அன்றே கருதினர் போலும். ஹார்லிக்ஸ் பாட்டில் வெந்தயத்தின் வேர் இங்கே இருப்பதாக இவ்வாய்வாளர் துணிகிறார். மறுப்போர் தொல்லியல் துறைக்கு எழுதலாம்.

இதே மரபு எவர்சில்வரில் இன்றும் தொடர்கிறது. பாத்திரக் கடையில் சிறு இயந்திரத்தை வைத்துக் கிர்ரென்று பெயர் வெட்டித் தருகிறார்கள். கல்யாணத்துக்கு யார் எந்த அண்டாவைக் கொடுத்தார், எந்த ஆண்டு கொடுத்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. துருப்பிடிக்காத உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அதுவே காற்றுப் பட்டுக் கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படர்ந்து உலோகத்தைக் காப்பதால், கொடுத்தவரும் வாங்கியவரும் பேச்சுவார்த்தை நிறுத்திய பிறகும் எழுத்து அழியாமல் இருக்கிறது.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியிலோ வேறு வகைப் பொறிப்பு. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள், நடுவில் ஓர் எண். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், 5 என்றால் ஐஸ்கிரீம் டப்பா செய்யும் பாலிபுரொப்பிலீன். அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் 1988இல் கொண்டுவந்த குறி இது. இன்ன பிளாஸ்டிக் என்று சொல்வதோடு இதன் வேலை முடிந்தது. மறுசுழற்சி ஆகிவிடும் என்ற உறுதிமொழி அம்முக்கோணத்தில் எங்கும் இல்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொண்டோம். சிந்துவெளி எழுத்தைப் படித்துச் சொல்வோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். டப்பாவின் அடியைப் படிப்போருக்குப் பரிசு ஏதும் இல்லை.

திணைப் பகுப்பு

அடுக்களையையும் அகத்திணை மரபில் ஐந்து நிலமாகப் பகுக்கலாம்.

பரண், குறிஞ்சி. ஏணி வைத்து ஏற வேண்டிய உயர் நிலம். உரிப்பொருள் புணர்தல். பெரிய டப்பாவுக்குள் நடு டப்பா, அதற்குள் சின்ன டப்பா என ஒன்றினுள் ஒன்று அடங்கிக் கிடக்கும். பிரிக்க இரண்டு பேர் வேண்டும். சுவர் அலமாரி, முல்லை. உரிப்பொருள் இருத்தல். பொங்கலுக்கு வரப்போகும் முந்திரிக்காக ஆண்டு முழுதும் ஆற்றியிருக்கும் கண்ணாடி பாட்டில்கள் இங்கே வாழ்கின்றன. அடுப்பு மேடை, மருதம். உரிப்பொருள் ஊடல். "ஏங்க, சீரகம் பூஸ்ட் டப்பாவுலன்னு எத்தனை வாட்டி சொல்றது? நீங்க நீட்டுறது போர்ன்விட்டா. அதுல சோம்பு" என்று தகவலாளி ஒருவர் தம் கணவரிடம் கூறியது வைகறையில் பதிவு செய்யப்பட்டது. மருதத்துக்குரிய சிறுபொழுதும் வைகறையே.

ஃப்ரிட்ஜ், நெய்தல். உரிப்பொருள் இரங்கல். ஐஸ்கிரீம் டப்பாவைக் கண்டதும் ஓடிவந்து திறக்கும் பிள்ளை, உள்ளே மஞ்சள் தடவிய மீனைக் கண்டு இரங்குகிறது. மீன் நெய்தலின் கருப்பொருள் ஆதலின் மரபு வழுவவில்லை.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. மற்றவை வறண்டு அதுவாகும். நம் வீடுகளில் அது சிங்க்குக்கு அடியில் இருக்கிறது. உரிப்பொருள் பிரிதல். மூடியைப் பிரிந்த டப்பாவும் டப்பாவைப் பிரிந்த மூடியும் வந்து சேரும் இடம் அதுதான். இதைத் தனியே பேச வேண்டும்.

மூடிச் சிக்கல்

ஒரு டப்பாவின் ஆயுளைத் தீர்மானிப்பது டப்பா அன்று, மூடி. கண்ணாடிக்கு மூப்பு இல்லை. அதன் தலையில் இருக்கும் தகர மூடியோ உப்பும் புளியும் பட்டு ஓரிரு மழைக்காலத்தில் துருவேறுகிறது. பிளாஸ்டிக் மூடி வெந்நீரில் கழுவிக் கழுவி நெளிகிறது, மரை தேய்கிறது. துருவும் நெளிவும் தப்பிய மூடிகள் வேறு பணிக்குப் போய்விடுகின்றன. சோப்பு வைக்க ஒன்று, கோலமாவுக்கு ஒன்று, எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி மேசைக் காலுக்கு அடியில் வைக்க நான்கு. இன்னும் சில, பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொண்டு போய் அங்கேயே குடும்பம் நடத்துகின்றன. ஒரு கம்பெனி மூடி இன்னொரு கம்பெனி பாட்டிலுக்குச் சேராது. வாய் அளவை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தாலே நாட்டில் பாதி டப்பா குப்பைக்குப் போயிராது என்பது இவ்வாய்வாளரின் கருத்து. இதற்குச் சான்று கேட்கக் கூடாது.

மூடியைத் தொலைக்கவே முடியாத பாட்டில் ஒன்று உண்டு. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டில்தான் அது. மூடியாகிய கோலி கழுத்துக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். வெளியே எடுக்க வேண்டுமானால் பாட்டிலை உடைக்க வேண்டும். குடித்த பாட்டிலைக் கடையில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் நகர விடமாட்டார். சோடாக் கம்பெனி அதைக் கழுவி மறுபடி நிரப்பும். மேல்நாட்டு அறிஞர்கள் மாநாடு கூட்டிப் பேசும் சுழற்சிப் பொருளாதாரம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் விக்கலும் ஏப்பமுமாக நடந்துகொண்டிருந்தது. அதே முறையைத்தான் உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 மே மாதம் நீலகிரியின் டாஸ்மாக் கடைகள் கையில் எடுத்தன. பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டில் திரும்பினால் அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காட்டில் யானையின் காலைக் கிழித்த கண்ணாடிச் சில்லுக்கு அறிவுரை செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது.

விலக்கு

ஓரிடத்தில் நகைச்சுவையை நிறுத்த வேண்டியிருக்கிறது. மேற்பெயரும் உள்ளிருப்பும் பொருந்தாமை உணவுப் பொருளுக்கு மட்டுமே உரிய உரிமை. தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஃபினாயில் அல்லது ஆசிட் ஊற்றி வைப்பது குழந்தையின் உயிரோடு விளையாடுவது. தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை எல்லா ஊரிலும் உண்டு. பூச்சிமருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அரிசிக்கு ஆகாது. தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் வரும் பெட் பாட்டில் 70 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். அதில் கொதிக்கும் ரசத்தை ஊற்றக் கூடாது. உலர்ந்த பருப்புக்கு அது போதும். சூடானதற்கு எவர்சில்வர் இருக்கிறது.

டென்மார்க்குத் தொடர்பு

நீல நிறத்தில் வட்டமான தகர டப்பா. மேலே டென்மார்க்கின் பட்டர் பிஸ்கட் என்று எழுதியிருக்கும். சிங்கப்பூர் மாமா கொண்டு வந்தது. உள்ளே ஊசி, நூல்கண்டு, பித்தான், ஜாக்கெட் கொக்கி. இந்த டப்பாவைத் திறந்து பிஸ்கட்டைக் கண்டவர் மிகச் சிலர்.

டென்மார்க்குக்கும் தமிழருக்கும் பழக்கம் பழையது. தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிய டேனியர் 1845இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆக 225 ஆண்டுகள். இந்த எண்ணை நினைவில் வைக்கவும்.

அதே டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் கடைப்பைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்திப் பை ஒன்று, சாதாரண பிளாஸ்டிக் பையைவிடத் தட்பவெப்பத்துக்கு நல்லது என்று பெயர் வாங்க 52 முறையாவது பயன்பட வேண்டும். தண்ணீர், ஓசோன் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்தால் 7,100 முறை. இயற்கை வேளாண் பருத்தி என்றால் 20,000 முறை. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் குடும்பம் அந்தப் பையை ஏறத்தாழ 384 ஆண்டுகள் கிழியாமல் காக்க வேண்டும். டேனியர் தரங்கம்பாடியில் இருந்த காலம் முழுவதும் தூக்கியிருந்தாலும் கணக்குத் தீராது.

இதைக் கேட்டுப் பிளாஸ்டிக் பைக்காரர்கள் துள்ள வேண்டியதில்லை. தெருவில் எறியப்படும் பையின் கேட்டை டேனியர் பெரிதாக எண்ணவில்லை. அவர்கள் ஊர் மாடு சுவரொட்டியும் கேரி பேக்கும் தின்பதில்லை, அவர்கள் சாக்கடை ஐப்பசியில் அடைத்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், 2021இல் மீண்டும் மஞ்சப்பை என்று அரசு இயக்கம் தொடங்கியதும் நியாயமே. ஆனால் டேனியரின் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. பருத்தி விளைவதற்கும் நூற்பதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் ஆன செலவு, பை நம் கைக்கு வரும்போதே நம் பெயரில் ஏறிவிட்டது. நான்காவது கல்யாணத்தில் கொடுத்த நான்காவது தாம்பூலப் பையை மடித்து வைத்துவிட்டு, ஐந்தாவதாகப் பூமியைக் காப்போம் என்று அச்சடித்த பையை வாங்குவது பூமிக்கு ஐந்தாவது செலவு. அப்பாவின் பழைய பேன்ட்டைத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த பைக்கு இந்தப் பாவம் இல்லை. பருத்திக் கடனைப் பேன்ட்டே அடைத்துவிட்டது.

பசுமை அங்காடி பற்றி

இப்போது ஒரு புதுப் பிரிவினர் தோன்றியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் கெடுதல் என்று எங்கோ படித்து, இருபது ஆண்டாக உழைத்த டப்பாக்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குப்பைவண்டியில் ஏற்றிவிட்டு, மூங்கில் மூடி போட்ட ஒரே அளவுக் கண்ணாடி ஜாடி இரண்டு டஜன் வரவழைக்கிறார்கள். ஜாடிகள் அட்டைப்பெட்டியில், நுரைத் தாளுக்குள், குமிழ்ச் சுருளுக்குள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ளிருப்பதன் பெயரையே ஒட்டுகிறார்கள். வெந்தயத்தில் வெந்தயம் என்று எழுதியிருக்கிறது. வீட்டில் பேச்சே இல்லாமல் போகாதா?

கண்ணாடி உலை 1,500 டிகிரி வாக்கில் எரிவது. உடைந்த கண்ணாடியை 10 சதவீதம் கலந்தால் எரிபொருள் சுமார் 3 சதவீதம் மிச்சம் என்பது அத்தொழிலின் கணக்கு. ஊறுகாய் பாட்டிலை லேபிள் ஊறவைத்துக் கழுவிக் கவிழ்த்தால் உலையே மிச்சம். அந்த வித்தையைப் பெரியம்மாக்கள் யாரும் பசுமை என்று சொல்லிச் செய்யவில்லை. நல்ல பாட்டிலாச்சே, தூக்கிப் போட மனசு வரல என்றார்கள், அவ்வளவுதான். சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்த தலைமுறை இன்று அதையே காசு கொடுத்து வாங்குகிறது. பசுமையான டப்பா எது என்று இவ்வாய்வாளரைக் கேட்டால், பரணில் ஏற்கெனவே இருப்பது என்பார். மூடி பொருந்துகிறதா என்பது மட்டுமே அடுத்த கேள்வி.

பரிந்துரை

மேலாய்வு செய்ய விரும்புவோருக்குக் களம் திறந்தே கிடக்கிறது. கறிக்கடைக்கு ஐஸ்கிரீம் டப்பாவோடு போகலாம். கடைக்காரர் ஒரு கணம் பார்ப்பார், பிறகு தட்டில் வைத்து எடையைச் சரிசெய்துகொள்வார். மாவுக் கடைக்கு ஒரு சம்படம். இன்று சாயங்காலம் பார்சல் வாங்கப் போகிறீர்கள் என்றால், சாம்பாருக்கு ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கவரில் கட்டும்போது அளந்து ஊற்றுபவர் தூக்கைக் கண்டால் ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றுவார். திரும்பும்போது மூடியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.