வலிக்கு உச்சவரம்பு

கலிபோர்னியாவில் 1975-ல் வலிக்கு விலை வைத்தார்கள். மருத்துவர் தவறால் நீங்கள் படும் வேதனைக்கு இழப்பீடு அதிகபட்சம் 2,50,000 டாலர். அதன்பிறகு வீட்டு வாடகை ஏறியது, பெட்ரோல் ஏறியது, மருத்துவர் கட்டணமும் ஏறியது. வலி மட்டும் 2022 வரை பழைய விலையிலேயே கிடைத்தது. அரசுகளுக்கு விலைவாசியைக் கட்டுப்படுத்தத் தெரியாது என்று யார் சொன்னது? டெக்சாஸ் 2003-ல் மருத்துவர்களுக்காக வைத்த அதே தொகை இன்னும் அசையவில்லை.

இழந்த சம்பளத்துக்கோ வரம்பில்லை. ஆகவே, அறுவை சிகிச்சையில் தவறான காலை வெட்டப்போகிறார்கள் என்றால், முன்கூட்டியே வங்கி அதிகாரியாகிவிடுவது உத்தமம். கைக்குழந்தைக்கும் வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கும் ஓய்வுபெற்ற தாத்தாவுக்கும் சம்பளச் சீட்டு ஏது? அவர்களிடம் இருப்பது வலி ஒன்றுதான், அதுவும் கட்டுப்பாட்டு விலையில். கிடைக்கப்போகும் அந்தத் தொகையோடு நிபுணர் சாட்சிகளுக்கான செலவை ஒப்பிட்டுப் பார்க்கும் வக்கீல், அனுதாபத்தோடு கோப்பைத் திருப்பித் தந்துவிடுவார்.

எல்லாம் தாண்டி வழக்கு நடந்தாலும், கலிபோர்னியாவில் ஜூரிகளிடம் இந்த வரம்பைச் சொல்வதில்லை. அவர்கள் பாவம், சாட்சிகளைக் கேட்டு, விவாதித்து, சில மில்லியன் என்று தீர்ப்பெழுதிக் கொடுப்பார்கள். வெட்டுவது நீதிபதியின் வேலை.