மதிலுக்கு அப்பால் பாண் கடை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுக்கு முன்பெல்லாம் ஒரே முடிவுதான்: ரயில் தண்டவாளம். அடுத்த ஒழுங்கையில் மாமி வீடு என்றாலும் காலி வீதிக்கு ஏறித்தான் இறங்கவேண்டும். பிறகு மரைன் டிரைவ் வந்து ஒழுங்கைகளின் வால்களையெல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. மாமி கிட்ட வந்துவிட்டா. கார் நிறுத்தத்தான் இடமில்லை.

கொட்டாஞ்சேனைக்கு இந்தக் கவலை கிடையாது. ஜம்பட்டா வீதியில் கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் நழுவ ஆயிரம் குறுக்குத் தெரு.

பிலியந்தலை, அத்துருகிரிய போன்ற புறநகர்ப் பக்கம் அப்படி நழுவ முடியாது. தென்னங்காணியைப் பேர்ச் கணக்கில் துண்டாக்கி, நடுவில் 20 அடிப் பாதை விட்டு, கடைசியில் மதில் எழுப்பிவிடுவார்கள். விளம்பரத்தில் அதற்குப் பெயர் 'அமைதியான சூழல்'. மதிலுக்கு அப்பால் பாண் கடை. வாசம் நேரே வரும். பாண் வாங்க பிரதான வீதியைச் சுற்றவேண்டும்.

1975 முதல் உலகின் பெரும்பகுதியில் புதிதாக அமைந்த தெருக்களின் இணைப்பு இப்படித்தான் குறைந்து வந்திருக்கிறது என்று பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். அதற்காக உலக வரைபடத்தையே அலசியிருக்கிறார்கள், பாவம். எங்கள் ஞாயிறுப் பத்திரிகையின் காணி விளம்பரப் பக்கத்தை அனுப்பியிருக்கலாம்.